கர்னாத்தாவின் மருத்துவமனையும் காக்காவின் விண்ணப்பப் படிவமும்

ஸ்பெயின் நாட்டின் தெற்கே, ஸியர்ரா நெவாடா மலையடிவாரத்தில் கிரனாடா நகரம் அமைந்துள்ளது. நம் வரலாற்று நூல்களில் அதன் பெயர் கர்னாத்தா. அந்தலூஸில் முஸ்லிம்களின் கையில் எஞ்சியிருந்த கடைசித் தலைநகரான அது, 1492 ஜனவரி 2ஆம் நாள் கைமாறியது. மதரஸா மாணவர்களுக்காக அப்பெயரைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதன் வீதிகளில் நடப்பேன் என்று ஒருபோதும் எண்ணியதில்லை. 2023ஆம் ஆண்டு அல்லாஹ் அதை நாடினான். ஐரோப்பாவில் பணிபுரியும் என் காக்காவின் மகன் செலவை ஏற்றுக்கொள்ள, காக்காவும் நானும் புறப்பட ஆயத்தமானோம்.

விசா விண்ணப்பத்தோடு மருத்துவக் காப்பீட்டுச் சான்றும் கேட்டார்கள். ஷெங்கன் நாடுகளின் விதிப்படி அது குறைந்தது 30,000 யூரோ அளவுக்கு இருக்க வேண்டும். தங்கும் நாட்கள் முழுவதற்கும், அந்நாடுகள் அனைத்திலும் செல்ல வேண்டும். அவசரச் சிகிச்சை, நோயுற்றவரைத் தாயகம் அனுப்புதல், மரணம் ஆகியவை அதில் அடங்க வேண்டும். காக்காவுக்கு வயது அறுபத்து மூன்று. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்.

பயண முகவர் படிவத்தை நீட்டி, "நோய் உண்டா என்ற இடத்தில் ‘இல்லை’ என்று போட்டுவிடுங்கள் ஹஜ்ரத். விசாவுக்கு வேண்டியது ஒரு தாள்தானே!" என்றார். பிரீமியமும் மிகக் குறைவு. காக்கா பேனாவைத் திறந்துவிட்டார்.

எனக்கு இரண்டு தயக்கங்கள். முதலாவது, காப்பீடே கூடுமா என்பது. 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வணிகக் காப்பீட்டைக் கூடாதென்றும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறையையே மாற்றாகக் கொள்ளலாம் என்றும் தீர்மானித்தது. அந்த முறைக்கு மலேசியாவில் 1984லேயே தகாஃபுல் சட்டம் வந்துவிட்டது. நாங்கள் தேடியவரை சென்னையில் அப்படியொரு பயணக் காப்பீடு கிடைக்கவில்லை. என் உஸ்தாதிடம் சென்று கேட்டேன். சட்டம் கட்டாயப்படுத்தும் இடத்தில், வேறு வழியும் இல்லாதபோது, தேவையளவுக்கு எடுத்துக்கொள்வதில் இடம்பாடு உண்டு என்றார். இரண்டாவது தயக்கத்தை நான் சொல்லி முடிப்பதற்குள், "பொய் எழுதுவதற்கு எந்த நிர்ப்பந்தமும் இல்லையே" என்று முடித்துவிட்டார். தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, உள்ளே மறைத்திருந்த ஈரத்தை வெளிப்படுத்திய அண்ணல் நபி (ஸல்) அவர்களின் நிகழ்ச்சியை நான்தான் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன்!

ஆகவே வேறு பாலிசிகளைத் தேடினோம். மூன்று இரவுகள் நான் அவற்றின் பொடி எழுத்துகளோடு மல்லாடினேன். முகப்பில் 50,000 டாலர் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே புகுந்தால், அறுபது வயதைக் கடந்தவருக்கு அறை வாடகைக்கு இவ்வளவு, அறுவைச் சிகிச்சைக்கு இவ்வளவு எனத் தனித்தனி வரம்புகள் தலைகாட்டும். ஒவ்வொரு சிகிச்சையிலும் முதல் 100 டாலர் நம் பொறுப்பு. முன்பே இருந்த நோயால் வரும் செலவைச் சிலர் அறவே ஏற்பதில்லை. சிலர் உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும் ஒரு வரம்புவரை ஏற்கிறார்கள். அப்படிப்பட்ட ஒன்றையே தேர்ந்து, சர்க்கரை நோயையும் உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயர்களையும் ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தோம். பிரீமியம் ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று. காக்கா இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

கர்னாத்தாவில் தார்ரோ என்னும் சிற்றாறு ஓடுகிறது. அதன் ஒரு கரையில் அல்ஹம்ரா மாளிகை. மறுகரையில் அல்பைசீன் குடியிருப்பு. கூழாங்கல் பதித்த ஒடுங்கிய சந்துகள். எல்லாமே மேட்டை நோக்கியே ஏறுவன. ஆற்றை ஒட்டி நான் காண விரும்பிய ஓர் இடம் இருந்தது. சுல்தான் ஐந்தாம் முஹம்மது 1365இல் தொடங்கி 1367இல் கட்டி முடித்த மாரிஸ்தான், அதாவது மருத்துவமனை. நடுவே நீர்த்தடாகமும் சுற்றிலும் அறைகளுமாக இருந்த அந்தக் கட்டடம், 1492க்குப் பின் நாணயச்சாலையாயிற்று. 1843இல் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. எஞ்சிய சுவர்களைப் பார்த்துவிட்டு, மேட்டில் 2003இல் திறக்கப்பட்ட புதிய பள்ளிவாசலுக்கு அஸர் தொழுகைக்காக ஏறத் தொடங்கினோம்.

பகலில் ஹலால் உணவு தேடி அலைந்ததில் காக்கா சரியாகச் சாப்பிடவில்லை. மாத்திரையை மட்டும் நேரம் தவறாமல் விழுங்கியிருக்கிறார். பாதி மேட்டில் சட்டை முழுதும் வேர்வையில் நனைய, ஒரு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். நான் அழைத்தபோது என்னை வாப்பாவின் பெயர் சொல்லி விளித்தார். என் நெஞ்சு உறைந்துபோயிற்று. எதிர்க்கடைப் பெண்மணி ஓடி வந்து சர்க்கரை கரைத்த நீரைப் புகட்டி, 112க்குத் தொலைபேசியில் சொன்னாள். அவள் மொழி எனக்குத் தெரியாது. என் மொழி அவளுக்குத் தெரியாது.

மருத்துவமனையில் முதலில் பணம் எதுவும் கேட்கவில்லை; கட்டணம் பின்னர் வரும் என்றார்கள். அந்த மாத்திரையின் வேகம் அடங்கும்வரை சர்க்கரை மீண்டும் இறங்கக்கூடுமாம். இரண்டு இரவுகள் வைத்திருந்தார்கள். காப்பீட்டு உதவி எண்ணில் பேசியவர் கேட்ட முதல் கேள்வி, "முன்பே நோய் உண்டா?" என்பதுதான். "உண்டு, படிவத்தில் எழுதியிருக்கிறோம்" என்றேன். மறுமுனையில் தாள் புரளும் ஓசை. அந்தச் சில விநாடிகளில் நான் ஓதிய துஆக்கள் எத்தனை என்று நினைவில்லை. பிறகு மருத்துவர்களின் அறிக்கையை அனுப்பச் சொன்னார்கள், மறுநாள் ஏற்றுக்கொண்டார்கள். 100 டாலரும், மாற்றிய ரயில் பயணச்சீட்டின் நஷ்டமும் எங்களைச் சேர்ந்தன. முகவர் சொன்னபடி எழுதியிருந்தால் காக்காவின் மகனுடைய சேமிப்பு என்னவாகியிருக்குமோ, அல்லாஹ்வே அறிவான்.

ஊர் திரும்பும் முதல்நாள் காக்காவை மெல்ல நடத்தி அல்ஹம்ராவின் அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்றேன். மாரிஸ்தானின் தடாகத்தருகே நின்ற இரு கற்சிங்கங்களும், அதன் சலவைக்கல் சாசனமும் அங்கேதான் இருக்கின்றன. எழுத்துகளைக் கூட்டிப் படித்து, ஏழை நோயாளிகளுக்காகச் சுல்தான் கட்டியது என்று பொருள் கூறினேன்.

"வந்தவர்களிடம் முன்பே நோய் உண்டா என்று கேட்டார்களாமா?" என்றார் காக்கா.

அப்படி எதுவும் கல்லில் காணோம் என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து இரண்டு பேரீச்சம்பழங்களை எடுத்து, ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு, ளுஹருக்கு நேரமாகிவிட்டதா என்று விசாரித்தார்.