திண்ணை வரை

விற்பனைக்கு வரும் பழைய வீடுகளில் பெரும்பாலானவை திண்ணை வரையில்தான் பழையவை. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இரண்டு ஆண்டுகளாக வீடு தேடி அலைந்ததில் நானும் என் மனைவியும் கண்டறிந்த உண்மை இதுதான். தெருவில் நின்று பார்த்தால் நாட்டு ஓடும் மரத்தூணும் வேலைப்பாடு கொண்ட நிலைக்கதவும் ஆசை காட்டும். ரேழியைக் கடந்ததும் மனம் சுருங்கிவிடும்.

இந்த ஆசை எங்களுக்கு நூல்வழி வந்தது. உ.வே. சாமிநாதையர் சிறுவயதில் வாழ்ந்து தமிழ் கற்ற ஊர்கள் அரியலூரும் குன்னமும். 'என் சரித்திர'த்தைப் படித்தவர்களுக்கு இப்பக்கத்துத் திண்ணைகள் வெறும் கட்டடப் பகுதிகளாகத் தோன்றுவதில்லை.

குன்னத்துக்கு அருகே ஒரு வீட்டில் முற்றத்தின் மேல் கான்கிரீட் தளம் போட்டிருந்தார்கள். நண்பகலில் விளக்கைப் போட்டுத்தான் கூடத்தைக் காட்டினார்கள். அரியலூரில் ஒரு வீட்டில் பாகப்பிரிவினைச் சுவர் ஒரு தூணின் நடுவே வந்து முட்டியிருந்தது. பாதித் தூண் அண்ணனுக்கு, பாதித் தூண் தம்பிக்கு. உடையார்பாளையம் பக்கத்து வீட்டிலோ தூண்களே இல்லை. மரத்தை வியாபாரிக்கு விற்றுவிட்டு இரும்புக் குழாய்களை முட்டுக் கொடுத்திருந்தார்கள். "உள்ள எல்லாம் மாடர்ன் பண்ணியாச்சு சார்" என்றார் தரகர், பெருமையுடன்.

இதில் வேடிக்கை ஒன்றுண்டு. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்நிலப்பகுதி கடலடியில் இருந்தது. அக்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் 1979இல் தொடங்கிய தமிழக அரசின் ஆலை உட்பட இத்தனை சிமென்ட் ஆலைகள் அரியலூரைச் சூழ்ந்தன. சுண்ணாம்புக் காரையும் சிமென்ட்டும் ஒரே கல்லின் இரு பிறவிகள். ஆனால் ஒன்றன்மேல் ஒன்றைப் பூசினால் ஒத்துப்போவதில்லை. காரைச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும்; மேலே பூசிய சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். ஓதமேறிச் சுவர் உப்பிப் பெயரும். போதாக்குறைக்கு, மழையில் உப்பிக் கோடையில் பிளக்கும் கரிசல் மண் அடித்தளத்தை அசைக்கிறது. பழைய சுவர் அந்த அசைவுக்குச் சிறிது வளைந்து கொடுக்கும். மேற்பூச்சோ பாளம் பாளமாக வெடிக்கிறது.

பெரம்பலூரை ஒட்டிய கிராமத்து வீடு ஒன்றில்தான் வேறொரு கணக்கு எங்களுக்குப் புலப்பட்டது. அங்கே சமையலறையின் சுவரை உடைத்து அலுமினிய ஜன்னல் வைத்து, தரைக்கு வெள்ளை டைல்ஸ் பதித்திருந்தார்கள். வீட்டுக்காரரின் தாயார் எங்களை ஏறிட்டுப் பார்த்தார்.

"திண்ணைய நல்லா இருக்குன்னு எல்லாரும்தான் சொல்றாங்க. அது வாரவங்க போறவங்க உக்கார எடம். நான் நாப்பது வருசம் இந்த அடுப்படியில பொகையில கெடந்தேன். இந்த சன்னலுதான் நான் கேட்டு இந்த வீட்டுல நடந்த ஒரே காரியம்."

நாங்கள் பேசாமல் நின்றோம். பழைய வீட்டின் அழகு தெருவை நோக்கிச் செலவிடப்பட்டது. அதன் இருட்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. அதற்காக ஓதமேறிய சுவரையும் பாதித் தூணையும் நியாயப்படுத்திவிட முடியாது. வாழ்வதற்காகச் செய்த மாற்றம் ஒன்று. பிரிப்பதற்காகவும் விற்பதற்காகவும் செய்தது வேறொன்று. இரண்டையும் ஒரே முகச்சுளிப்பால் அளக்கலாகாது.

அன்று முதல் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அடுப்படியைத்தான் பார்க்கிறோம். விலை பேசும்போது மட்டும் எல்லா வீடுகளும் ஒன்றாகிவிடுகின்றன. மனைக்குத்தான் மதிப்பு, கட்டடத்துக்கு ஏதுமில்லை, இடிக்கும் கூலியைக் கழித்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். அந்த அம்மாளின் வீட்டுக்கும் அப்படித்தான் கணக்குப் போட்டார்கள். அக்கணக்கில் திண்ணையும் இல்லை, அந்த ஜன்னலும் இல்லை.