மான் கொம்பு ஊரில் ஒரு சேவல்!

உலகக் கோப்பையை ஒரு தடவைகூடக் கையில் தூக்காத ஃபுட்பால்காரருக்கு யாராவது சிலை வைப்பார்களா? வைத்திருக்கிறார்கள். அதுவும் அவர் பிறந்த நாட்டிலிருந்து உலக உருண்டையில் நேர் மறுபக்கம் இருக்கிற ஒரு ஜப்பானிய டவுனில்.

ஆசாமி பெயர் ஜிகோ. பிரேசில்காரர். பத்தாம் நம்பர் சட்டை. நடு மைதானத்தில் நின்று பந்தை வாங்கி, முன்னால் ஓடுகிறவனுக்கு வழி பண்ணிக் கொடுத்து, சமயம் பார்த்துத் தானும் கோல் போட்டுவிடுகிற ரகம். 'அட்டாக்கிங் மிட்ஃபீல்டர்' என்பார்கள். கல்யாண வீட்டில் பந்தியையும் கவனித்து, மாப்பிள்ளைத் தோழனாகவும் நிற்கிற ஆள் மாதிரி!

அவரைப் புரிந்துகொள்ள ஸ்கோர் புத்தகத்தைப் புரட்டுவதைவிட அவர் ஆடிய ஊர்களைச் சுற்றி வருவது நல்லது. வாருங்கள், போகலாம். டிக்கெட் செலவு இல்லை.

முதல் ஊர், கின்டினோ. ரியோ டி ஜெனிரோ என்றதும் கோபகபானா கடற்கரையும் சம்பா நடனமும் நினைவுக்கு வந்தால் தயவு செய்து அழித்துவிடுங்கள். 'சென்ட்ரல் டோ பிரேசில்' ஸ்டேஷனில் டியோடோரோ போகிற மின்சார ரயிலில் ஏற வேண்டும். பீச்-தாம்பரம் லோக்கல் மாதிரிதான். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வடக்குப் புறநகர் வழியாகப் போகும். வழியில் மரக்கானா ஸ்டேடியம் வரும். இறங்காமல் இன்னும் பல ஸ்டேஷன் தள்ளிப் போனால் கின்டினோ. உழைக்கிற ஜனங்களின் பேட்டை.

1953 மார்ச் 3-ம் தேதி இங்கே ஆறாவது குழந்தையாகப் பிறந்தார் ஆர்தர் அன்டூனஸ் கோயிம்ப்ரா. அப்பா போர்ச்சுகலிலிருந்து பிழைக்க வந்தவர், தையல் தொழில் தெரிந்தவர், ஃபிளமெங்கோ கிளப்பின் பைத்தியம். ஆர்தர், செல்லமாக ஆர்தர்ஸின்யோ ஆகி, ஆர்தர்ஸிகோ ஆகி, கடைசியில் வால் மட்டும் மிஞ்சி ஜிகோ! (கிருஷ்ணமூர்த்தி 'கிச்சா' ஆவதில்லையா?)

பையன் ஒல்லிப்பிச்சான். காற்றடித்தால் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் தேட வேண்டும். 1967-ல் ஒரு ரேடியோ வர்ணனையாளர் அவனை ஃபிளமெங்கோவுக்கு அழைத்துப் போனார். ஆட்டம் பிடித்துவிட்டது, உடம்புதான் பிடிக்கவில்லை. கிளப்பே தனியாகப் பயிற்சியும் சத்தான சாப்பாடும் ஏற்பாடு செய்து, சில வருஷங்களில் அவனைத் தேற்றியது. பட்டப் பெயர்: 'கின்டினோவின் சேவல் குஞ்சு.'

குஞ்சு கூவியது மரக்கானாவில். அந்த ஒரு மைதானத்தில் மட்டும் 300 கோலுக்கு மேல். இன்றுவரை அதுதான் அங்கே சாதனை. ஃபிளமெங்கோவுக்காக மொத்தம் 500-க்கு மேல். 1980, 82, 83-ல் பிரேசில் சாம்பியன். 1981 டிசம்பர் 13-ல் டோக்கியோவில், ஐரோப்பிய சாம்பியன் லிவர்பூலை மூன்றுக்கு சைபர் என்று மடக்கினார்கள். மூன்று கோலிலும் ஜிகோவின் கால் இருந்தது. சிறந்த ஆட்டக்காரர் பரிசாக ஒரு டொயோட்டா கார். அன்றைக்கு காலரியில் இருந்த ஜப்பானியர்கள் அவரை மறக்கவில்லை. இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அடுத்த ஊர், இத்தாலியின் வடகிழக்கு மூலையில் உடினே. சுமார் ஒரு லட்சம் ஜனத்தொகை. 1976-ல் அந்த வட்டாரத்தைப் பூகம்பம் புரட்டிப் போட்டு, ஆயிரம் பேருக்குக் கொஞ்சம் குறைவாகச் செத்துப்போனார்கள். வீடுகளை மறுபடி எழுப்பிக்கொண்டிருந்த அந்த ஊர் கிளப், 1983-ல் ஜிகோவை வாங்குகிறோம் என்றது. விலை அறுநூறு கோடி லிரா. 'சின்ன கிளப்புக்கு ஏது இவ்வளவு பணம்?' என்று இத்தாலிய ஃபுட்பால் சங்கம் முட்டுக்கட்டை போட்டது.

ஜனங்கள் தெருவில் இறங்கிவிட்டார்கள். கையில் கோஷ அட்டை: 'ஜிகோ கொடு, இல்லையேல் ஆஸ்திரியா!' விஷயம் என்னவென்றால், 1866 வரை அந்தப் பகுதி ஆஸ்திரியாவின் கையில் இருந்தது. பத்தாம் நம்பர் சட்டைக்காக நாட்டையே மாற்றிக்கொள்வோம் என்று மிரட்டிய ஊர், தெரிந்தவரை அது ஒன்றுதான். சங்கம் இறங்கி வந்தது. முதல் சீசனில் 19 கோல். ஜூவெண்டஸில் ஆடிய பிளாட்டினி 20 போட்டு லீகில் முதலிடம். ஒரே ஒரு கோல் வித்தியாசம்! ஜிகோவுக்குக் காயத்தால் சில மேட்ச் போயிருந்தது. இரண்டாவது சீசன் காயத்திலேயே கரைந்தது. 1985-ல் ரியோவுக்கே திரும்பிவிட்டார்.

உலகக் கோப்பை ஊர்களைச் சீக்கிரம் கடந்துவிடுவோம். அவருக்கும் அதுதான் பிடிக்கும்.

1978, அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டா. ஸ்வீடனோடு ஒன்றுக்கு ஒன்று. கடைசி நொடியில் கார்னர், ஜிகோ தலையால் முட்டினார், பந்து வலைக்குள். ரெஃபரி கையை விரித்தார். பந்து ஆகாயத்தில் இருக்கும்போதே டைம் முடிந்துவிட்டதாம்! 1982, பார்சிலோனாவின் சாரியா ஸ்டேடியம். உலகமே ரசித்த அந்த பிரேசில் டீம் இத்தாலியிடம் 3-2 என்று தோற்றது. அந்த ஸ்டேடியத்தை 1997-ல் இடித்தே விட்டார்கள். 1986, மெக்ஸிகோவின் குவாதலஹாரா. முட்டி வலியோடு இரண்டாவது பாதியில் இறங்கினார். வந்த சூட்டில் அவர் கொடுத்த பாஸில்தான் பிரேசிலுக்கு பெனால்டி கிடைத்தது. அவரே அடித்தார். ஃபிரான்ஸ் கோலி பிடித்துவிட்டார். பிறகு ஷூட்-அவுட்டில் ஜிகோ சரியாகவே அடித்தார். மற்ற இருவர் கோட்டை விட்டார்கள். இன்றுவரை ஜனங்கள் நினைவில் வைத்திருப்பது அந்த முதல் பெனால்டியை மட்டும். ஆபீஸில் நூறு ஃபைலை ஒழுங்காகப் பார்த்துவிட்டு ஒன்றில் கையெழுத்து மறந்தவர்களுக்கு இந்த வலி புரியும்.

1990 பிப்ரவரியில் மரக்கானாவில் பிரிவு உபசார மேட்ச். அப்புறம் கொஞ்ச நாள் அரசாங்கத்தின் விளையாட்டுத் துறைப் பொறுப்பு. கதை இங்கே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. 1991-ல், 38 வயதில், மறுபடி ஷூவை மாட்டினார். எங்கே? டோக்கியோ ஸ்டேஷன் வாசலில் பஸ் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் வரும் கஷிமாவில். பசிபிக் ஓரம். ஒரு பக்கம் சுமிடோமோ இரும்பு ஆலை, இன்னொரு பக்கம் வாள் வீரர்கள் வணங்கும் புராதனக் கோயில். கோயில் தோப்பில் மான்கள். ஊர்ப் பெயரிலேயே மானுக்கான எழுத்து உண்டு.

அங்கே இருந்தது சுமிடோமோவின் ஆபீஸ் டீம். இரண்டாவது டிவிஷன். ஆலை வேலை முடிந்து பயிற்சிக்கு வருகிறவர்கள். அப்போது ஜப்பானில் புதிதாகத் தொழில்முறை லீக் ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. 'எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று போய் நின்றார்கள். லீக் தலைவர் கவாபூச்சி, 99.9999 சதவிகிதம் நடக்காது என்றார். மனுஷருக்கு நாகரிகமாக மறுக்கத் தெரிந்திருக்கிறது! கூரை போட்ட, 15,000 பேர் உட்காரும் ஸ்டேடியம் கட்டினால் பார்க்கலாம் என்றார். ஊரின் மொத்த ஜனத்தொகையே சுமார் 45,000.

கட்டிவிட்டார்கள்.

ஜிகோ வெறுமனே ஆடிவிட்டுச் சம்பளம் வாங்கவில்லை. எப்படிச் சாப்பிடுவது, எப்படிப் பயிற்சி செய்வது, தோற்றால் எப்படிக் கோபப்படுவது என்று ஆலைப் பையன்களுக்கு ஆனா ஆவன்னாவிலிருந்து ஆரம்பித்தார். (கோபப் பாடம் சில சமயம் ஓவர். 1994 ஜனவரியில் சாம்பியன்ஷிப் ஃபைனலில், எதிரணி பெனால்டி அடிக்க வைத்திருந்த பந்தின்மேல் எச்சில் துப்பி, ரெட் கார்டு வாங்கினார்!)

1993 மே 16. புது லீகில் 'கஷிமா ஆன்ட்லர்ஸ்' - அதாவது மான் கொம்புகள் - அணியின் முதல் மேட்ச். எதிரே இங்கிலாந்தின் கேரி லினேகரை வாங்கியிருந்த நகோயா. ஐந்துக்கு சைபர்! அதில் மூன்று ஜிகோவுடையது. லீக் சரித்திரத்தின் முதல் ஹாட்ரிக். வயது நாற்பது.

அவர் 1994-ல் ஆட்டத்தை நிறுத்திய பிறகும் கொம்பு முளைத்துக்கொண்டே இருந்தது. 1996-ல் முதல் லீக் பட்டம். 2016-க்குள் எட்டு. அதே வருஷம் கிளப் உலகக் கோப்பை ஃபைனலில் ரியல் மாட்ரிட்டை எக்ஸ்ட்ரா டைம் வரை இழுத்து, வியர்க்க வைத்துவிட்டுத்தான் தோற்றார்கள். இன்றைக்கும் 'கஷிமா ஸாக்கர் ஸ்டேடியம்' என்று ஒரு ரயில்வே ஸ்டேஷன் உண்டு. மேட்ச் நாளில் மட்டும்தான் ரயில் நிற்கும்.

நமக்கும் ஒரு சின்னக் கணக்கு பாக்கி இருக்கிறது. 2014-ல் ஜிகோ எஃப்.சி. கோவாவின் கோச்சாக வந்தார். போர்ச்சுகீஸியர் மகனுக்குப் போர்ச்சுகீஸிய வாசனை மாறாத ஊர். 2015 டிசம்பர் 20, மட்காவ் ஃபைனலில் எதிரே சென்னையின் எஃப்.சி. வெள்ளத்தால் செமி ஃபைனலைச் சொந்த ஊரில் ஆட முடியாமல் புனேயில் ஆடிவிட்டு வந்த டீம். 87-வது நிமிஷத்தில் கோவா 2-1 முன்னிலை. அப்புறம் ஒரு சேம் சைடு கோல், உடனே மெண்டோசாவின் கோல். சென்னை 3-2! சென்னையின் கோச் மாதெராஸி, இத்தாலிக்காரர். பார்சிலோனாவில் பட்ட அதே ஸ்கோர், அதே நாட்டு ஆள். நாம் ஜெயித்ததில் சந்தோஷம்தான். இருந்தாலும், பாவம் சார்!

2018-ல், 65 வயதில், கஷிமா அவரை மறுபடி கூப்பிட்டது, டெக்னிகல் டைரக்டராக. போனார். அந்த நவம்பரில் கஷிமா முதல் தடவையாக ஆசிய சாம்பியன்.

ஜிகோ சொல்லிக் கொடுத்தது என்று அந்த கிளப் தலைமுறை தலைமுறையாகப் போற்றும் வார்த்தைகள் மூன்று. அர்ப்பணிப்பு, நேர்மை, மரியாதை.

கோப்பை என்ற வார்த்தை அதில் இல்லை.