காமாலையும் கீழாநெல்லியும்

காமாலை என்றால் கீழாநெல்லி என்பது நம் ஊர்க் கிழவிகள் முதல் பள்ளிப் பிள்ளைகள் வரை எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அந்தப் பிரசித்தியே வைத்தியனாகிய எனக்கு ஒரு சங்கடமாகவும் இருந்துவருகிறது. வரப்போரத்துச் செடியை வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, அம்மியில் அரைத்து, நெல்லிக்காயளவு மோரில் கரைத்து வெறும் வயிற்றில் கொடுத்துவந்தால் சில வாரங்களில் மஞ்சள் மறைகிறது என்பது மெய்தான். ஆனால் அசுத்த நீரால் வரும் காமாலை, இளம் வயதினரில் பெரும்பாலோருக்கு, மருந்தே கொடாவிட்டாலும் ஏறத்தாழ அதே காலத்தில் தானே வடிந்துவிடும் ஸ்வபாவம் உடையதாகையால், செடிக்கு உரிய கியாதி எவ்வளவு, தேகத்துக்கு உரியது எவ்வளவு என்று பிரித்தறிவது எளிதன்று.

பிரித்தறிய முயன்றவர்கள் உண்டு. சென்னையில் எஸ். பி. தியாகராஜன் முதலியோர், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்குடன் சேர்ந்து, அக்கிருமியைச் சுமப்போருக்குக் கீழாநெல்லிச் சூரணத்தை 200 மில்லிகிராம் வீதம் தினம் 3 வேளை 30 நாள் கொடுத்து, 37 பேரில் 22 பேருடைய ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்ததாக 1988-இல் எழுதினார்கள். வெறும் பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கே அப்படி ஆயிற்று. எங்கள் தொழிலில் இருந்தோருக்கு அது பெரிய ஆனந்தம். பின்னர் வேறிடங்களில் நடந்த பரீட்சைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. முதற் செய்தியை இன்றும் பறைசாற்றிவிட்டு அடுத்ததை மௌனமாகத் தாண்டிப் போவது சாஸ்திரத்துக்குச் செய்யும் சேவை அன்று.

சாஸ்திரமோ நம்மைவிட ஜாக்கிரதையாக இருந்திருக்கிறது. சரக சம்ஹிதை, பாண்டு ரோகம் என்னும் சோகையோடு சேர்த்துக் காமாலையைப் பேசுமிடத்தில், மலம் எள் விழுது போல வெளுத்துப்போகும் வகையைத் தனியே பிரித்து, பித்தத்தின் மார்க்கம் கபத்தால் அடைபட்டதே காரணம் என்கிறது. இன்று அந்த அடைப்பு கல்லா, கட்டியா என்பதை ஸ்கேன் காட்டிவிடுகிறது. ஆகையால் நாடியைத் தொடுவதற்கு முன்பே நான் கேட்பது மலத்தின் நிறத்தைத்தான். உடம்பெல்லாம் அரிப்பும் மெலிவுமாக வந்த ஒரு பெரியவர், "வைத்தியரே, நீங்க பச்சிலை குடுத்தா இறங்கிடும்" என்று கைகூப்பியபோது, "ஐயா, முதல்ல ஸ்கேன் எடுத்துட்டு வாங்க, பச்சிலை எங்கேயும் ஓடிப்போயிடாது" என்றே சொல்லி அனுப்பினேன். கர்ப்பிணிக்குக் காமாலை கண்டாலும், ரோகியின் பேச்சு குழறி, பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தாலும், ஈறில் ரத்தம் கசிந்தாலும் ஒரு வேளை மருந்தும் கொடாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதே தர்மம்.

ஈரலுக்கு நல்லது என்று பெயர் பெற்ற சரக்கே ஈரலைப் புண்படுத்துவதும் உண்டு. கொரோனாக் காலத்தில் சீந்திலைக் கணக்கின்றிக் காய்ச்சிக் குடித்தவர்களில் சிலருக்கு ஈரல் வீங்கியதை மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். அது மெய்யான சீந்திலா, அதன் இனத்துக் கொடியா என்ற வாதம் எழுந்தது. வாதத்தின் முடிவு எதுவாயினும், கொடியின் அடையாளம் தெரியாதவன் அதைக் காய்ச்சக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ரசத்தில் போடும் மஞ்சளை நான் குறை சொல்லவில்லை. அதன் சத்தைப் பிழிந்து மிளகுச் சத்தோடு கூட்டி மாத்திரையாக்கும்போது கதை வேறாகிவிடுகிறது. பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து, 14-இல் ஈயமோ பாதரசமோ பாஷாணமோ இருந்ததாக 2004-இல் வெளியான ஆராய்ச்சியும் எங்களுக்குப் பெருமை தரவில்லை.

நான் ஒரு சமயத்தில் ஒரு மூலிகையே கொடுக்கிறேன். பூச்சிமருந்து தெளித்த வயலோரச் செடியைச் சேர்ப்பதில்லை. காசநோய் மாத்திரை, மது, வலி மாத்திரை எல்லாவற்றையும் விசாரித்து, ரத்தத்தில் மஞ்சளைக் காட்டும் பிலிருபின் அளவை முன்னும் பின்னும் பார்க்கிறேன். பத்தியம் என்று உப்பையும் சோற்றையும் நிறுத்தி ரோகியை வாட்டும் வழக்கம் எனக்குச் சம்மதமில்லை.

வாசகர்களை ஒன்று வேண்டிக்கொள்கிறேன்: கொடுப்பவர் எவ்வளவு கைராசிக்காரராயினும், பெயர் சொல்ல மறுக்கும் மருந்தை உண்ணாதீர்கள், மூலிகையின் பெயரும் அளவும் நாட்கணக்கும் சீட்டில் எழுதி வாங்கி, அந்தச் சீட்டை ஆஸ்பத்திரி டாக்டரிடமும் காட்டுங்கள்.