கொதிநீரும் கினிகத்தேனை ஏற்றமும்

மலர்க் குழுவினர் என்னிடம் இலக்கியக் கட்டுரை ஒன்றையே எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியன் ஒருவன் பழைய மாணவர் மலரில் எழுதப் புகுந்தால் சங்கப் புலவரைப் பற்றியோ, நாவலர் பெருமானின் உரைநடையைப் பற்றியோ எழுதுவதே மரபு. ஆயினும், சென்ற ஒன்றுகூடலில் நண்பர் பலரும் என்னிடம் வினவியது இலக்கியத்தைப் பற்றியன்று. "நோர்வூட்டிலே தமிழ் படிப்பிக்கும் உமக்குப் பென்ஸ் கார் எப்படிக் கிடைத்தது?" என்பதே அவர்தம் வினா. சிலர் சிரித்துக்கொண்டு கேட்டனர். சிலர் சிரியாமலே கேட்டனர். இரு சாராருக்குமாக இதனை எழுதுகின்றேன்.

என் அன்னையார் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தோட்டத்திற் கொழுந்து பறித்தவர். இப்போது இருதயம் தளர்ந்துவிட்டது. மாதம் ஒரு முறை கண்டிப் பெரியாஸ்பத்திரியின் கிளினிக்குக்குப் போயாக வேண்டும். நோர்வூட்டிலிருந்து ஹட்டனுக்கு ஒரு பஸ், ஹட்டனிலிருந்து கண்டிக்கு மற்றொரு பஸ். இருக்கை கிடைத்தால் நற்பேறு. கிடையாவிடின் நாவலப்பிட்டி வரையில் நின்றே செல்ல வேண்டும். முச்சக்கர வண்டியின் குலுக்கலோ அவருக்கு ஆகாது. சில மாதங்கள் வாடகைக்கு வான் பிடித்தோம். கூலி கொடுத்து முடிந்ததும் மருந்து வாங்குவதற்குக் கடன்பட நேர்ந்தது. ஆகவே சொந்த வண்டி ஒன்று வேண்டும் என்பது ஆடம்பரத்தால் எழுந்த எண்ணமன்று.

அக்காலத்து நிலையை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அத்தடை நீங்கியது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட ஆண்டுகளில் சிறிய ஜப்பானியக் கார்கள் பொன்னின் விலைக்கு ஏறின. 2022 இல் எரிபொருள் நெருக்கடி வந்து, கியூ.ஆர். அட்டை முறையிற் காருக்கு வாரம் 20 லீற்றர் என அளந்து கொடுத்தபோது, பெற்றோலை மிகுதியாகக் குடிக்கும் பெரிய கார்களை வைத்திருந்தவர்கள் அவற்றை எவ்வாறேனும் தள்ளிவிட விரும்பினர். பழைய ஐரோப்பியக் கார்களுக்கு வாங்குவோர் அருகினர். இவ்வாறுதான், சிறு ஜப்பானியக் கார் ஒன்றின் விலையிற் பாதிக்கும் குறைவாக, 1990 ஆம் ஆண்டுப் பென்ஸ் ஒன்று கொழும்பில் என் கண்ணிற் பட்டது. 124 என்னும் வரிசையைச் சேர்ந்தது. 1984 தொடக்கம் தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரையில் ஜெர்மனியில் அவ்வரிசையைச் செய்தார்கள். அதன் உடற்கட்டின் உறுதியை இன்றும் மெக்கானிக்குகள் மெச்சுவர்.

விற்றவர் மறைத்து விற்கவில்லை. "கார் கொஞ்சம் சூடாகும், அதனாலேதான் இந்த விலை" என்றார். நானும் நோயை அறிந்தே வாங்கினேன். எண்ணெய் மூடியைத் திறந்து பார்த்தேன். பால் படிந்தாற்போன்ற வெண்பூச்சு இல்லை. இயந்திரம் ஓடுகையில் நீர்த்தாங்கியில் குமிழிகள் எழவில்லை. புகையும் வெள்ளையாய் இல்லை. இம்மூன்றும் இல்லையெனின், சூட்டினால் இயந்திரத் தலை வளைந்து கேஸ்கற் போய்விட்டது என்று பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. நோய் வெளிப்புறத்திலேதான் இருக்கும் என்பது என் கணிப்பு.

கொழும்பிலிருந்து அவிசாவளை, எட்டியாந்தோட்டை, கித்துல்கல வரையிற் கார் அன்னநடை நடந்து வந்தது. வெப்பமானியின் முள் 80 என்ற கோட்டுக்குச் சற்று மேலே அமைதியாய் நின்றது. அதன்பின் ஏற்றம். கினிகத்தேனைக்குச் சில வளைவுகள் இருக்கும்போதே மூடியின் ஓரமாக நீராவி சீறிற்று. பாதையோரத்துப் பீலி ஒன்றின் அருகில் நிறுத்தி முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். ஆறும் முன்னர் மூடியைத் திறக்கலாகாது; திறந்தாற் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

அப்பீலியடியில் நிற்கையில் எனக்கு நினைவு வந்தவர் பேர்தா பென்ஸ் அம்மையார். கார்ல் பென்ஸ் தமது மோட்டார் வண்டிக்கு உரிமம் கோரி விண்ணப்பித்தது 1886 ஜனவரி 29 இல். அவ்வண்டி உலகுக்குப் பயன்படும் என்று காட்டியவர் அவர் மனைவியே. 1888 ஓகஸ்டில், கணவருக்குச் சொல்லாமல், மைந்தர் இருவரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைம் நகரிலிருந்து போர்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட்டிச் சென்றார். அவ்வண்டியில் இக்காலத்து ரேடியேற்றர் கிடையாது. நீர் கொதித்து ஆவியாய்ப் போவதே அதன் குளிர்ச்சி முறை. எனவே வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி நீர் ஊற்றவேண்டியிருந்தது. ஏற்றங்களில் இறங்கித் தள்ளவேண்டியுமிருந்தது. தேன்கூடு போலச் சின்னஞ்சிறு குழாய்களை அடுக்கிய ரேடியேற்றரை மேபாக் என்னும் பொறியியலாளர் அமைத்தது பின்னர், 1900-1901 காலப் பகுதியில். அந்தக் காருக்கு மேர்சிடிஸ் என்று ஒரு சிறுமியின் பெயரை இட்டார்கள். தாயொருத்தி மக்களுடன் மலையேறிய வரலாறு உள்ள வண்டி என்பதால் எனக்கு அதன்மேல் மதிப்புக் கூடியதேயன்றிக் குறையவில்லை.

ஹட்டனிற் காட்டியபோது, "ஹெட் கேஸ்கற் போச்சு சேர், இறக்கிப் பாக்கணும்" என்றார் முதலிற் பார்த்த மெக்கானிக். இறக்குவதென்றால் என் மூன்று மாதச் சம்பளம். யான் உடன்படவில்லை. மற்றொரு கராஜிலிருந்த முதியவர் பொறுமைசாலி. சிறியதிலிருந்து தொடங்குவோம் என்றார்.

முதலிற் பார்த்தது மூடியை. நீர் 100 பாகையிற் கொதிக்கும் என்று நம் கல்லூரி ஆய்வுகூடத்திற் படித்தோமல்லவா? அது கடல் மட்டத்துக்கே பொருந்தும். ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அமுக்கம் குறைவாதலால் நீர் ஏறக்குறைய 96 பாகையிலேயே கொதித்துவிடும். கொதிநிலையை உயர்த்தவே காரின் நீர்த்தாங்கிக்கு அமுக்க மூடி இடுகிறார்கள். உள்ளே அமுக்கம் கடல் மட்டத்து அமுக்கத்தின் இருமடங்கானால் 120 பாகை வரையில் நீர் கொதியாது. எங்கள் மூடியின் இறப்பர் உளுத்துப்போயிருந்தது. கொழும்பிற் குறையாய்த் தோன்றாத மூடி மலையில் குற்றவாளியாயிற்று.

அடுத்தது தேமோஸ்டாற்று. அதன் கூட்டைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை! கார் சூடாகிறது என்றதும் அதனைக் கழற்றி எறிவது நம் நாட்டிற் பரவிய கைவைத்தியம். தடையை நீக்கினால் நீர் தாராளமாய் ஓடும் என்பது அவர்கள் நியாயம். ஆனால் இந்த இயந்திரத்தில் அந்த நியாயம் செல்லாது. நீர் ரேடியேற்றருக்குப் போகாமல் இயந்திரத்துக்குள்ளேயே சுற்றுவதற்குக் குறுக்குவழி ஒன்று உண்டு. சூடேறியதும் தேமோஸ்டாற்று ஒருபுறம் ரேடியேற்றரின் வழியைத் திறந்து, மறுபுறம் அக்குறுக்குவழியை அடைக்கும். அதனைக் கழற்றினால் குறுக்குவழி என்றும் திறந்தே கிடக்கும். சூடான நீரில் ஒரு பங்கு ஆறாமலே திரும்பத் திரும்ப உள்ளே ஓடும். வாசற்காவலன் தொல்லை என்று அவனை நீக்கியவன் வீட்டில் இரு கதவுகளும் திறந்து கிடந்த கதைதான்.

நீரை வடித்தபோது செங்கற் கரைசல்போல் வந்தது. ஆண்டுக்கணக்காகக் குழாய் நீரையே ஊற்றியிருக்கிறார்கள். பலமுறை அலசிக் கூலன்ற் கலந்தோம். "பனி உறையாத ஊருக்கு இது எதற்கு சேர்?" என்று கராஜிலிருந்த பையன் கேட்டான். உறைவதைத் தடுப்பது அதன் ஒரு தொழில். துருப்பிடியாமற் காப்பதும் கொதிநிலையைச் சற்று உயர்த்துவதும் ஏனைய தொழில்கள். நமக்கு வேண்டியவை பின்னைய இரண்டுமே. அவன் தலையாட்டினான், பணம் கொடுப்பவர் நீர்தானே என்று எண்ணியுமிருக்கலாம்.

அடுத்த கிளினிக் நாளில் அன்னையாரை ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் போனோம். திரும்புகையில் நாவலப்பிட்டியிலிருந்து கினிகத்தேனை வரையில் முள் அசையவில்லை. வட்டவளையில் மழை. முன்னே பாரம் ஏற்றிய லொறி ஒன்று ஆமை வேகத்தில் ஊர்ந்தது. வளைவுகளில் அதனை முந்த இயலவில்லை. முள் 100 ஐத் தாண்டி மேலே நகர்ந்தது. நாட்டிலேயே மழை மிகுந்த இடங்களுள் ஒன்றிலே, மழைக்குள்ளேயே, கார் சூடாகிறது! ஓரங்கட்டினேன். அன்னையாரின் மூச்சை ஒரு கண்ணாலும் முள்ளை மறு கண்ணாலும் பார்த்தபடி இருந்தேன். அந்த அரை மணி நேரம் எனக்கு நீண்டது. அவரோ கலங்கவில்லை.

"ஏன் சாமி பயப்படுற? கொழுந்துக் கூடையோட மலையேறுறப்ப நானும் நடுவுல நின்னு மூச்சு வாங்கித்தான் ஏறுவேன். நிக்கட்டும், ஆறிட்டுப் போகும்" என்றார். பின்பு, ஒரு காலத்தில் இத்தகைய கார்களில் துரைமார் போகும்போது தாம் ஓரமாய் ஒதுங்கி நின்றதைச் சொல்லத் தொடங்கினார். எழுபதுகளிலே தோட்டங்கள் அரசுடைமையாவதற்கு முற்பட்ட கதைகள் அவை. அவர் அப்போது சிறுமி. கதை முடியுமுன் முள் இறங்கிவிட்டது.

அந்த லொறிதான் எனக்கு விடையைக் காட்டிற்று. வேகமாய் ஏறும்போது எதிர்க்காற்று ரேடியேற்றரை ஆற்றுகிறது. ஊரும்போது காற்றாடி ஒன்றே கதி. இக்காரின் காற்றாடி இயந்திரத்துடன் நேரே பூட்டப்பட்டதன்று. இடையிலே சிலிக்கோன் எண்ணெய் நிறைந்த கிளச் ஒன்று உண்டு. முன்புறத்தில் ஈருலோகத் தகடு. ரேடியேற்றரிலிருந்து வரும் காற்று சூடானால் அது வளைந்து எண்ணெயை உள்ளே விடும். காற்றாடி இறுகிச் சுழலும். எண்ணெய் கசிந்துவிட்டால் அது வெறுமனே வழுக்கிக்கொண்டிருக்கும். சோதிப்பதும் எளிது: சூடான இயந்திரத்தை நிறுத்தியபின் காற்றாடியைக் கையாற் சுற்றினாற் கனமாயிருக்க வேண்டும். நமதோ குழந்தையின் விளையாட்டுக் காற்றாடிபோற் சுழன்றது.

கிளச்சுக்காகப் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். மருதானையை அடுத்த அவ்வீதியில் எந்தக் காரின் எந்த உறுப்பும் கிடைக்கும் என்பர். கேட்கத் தெரிய வேண்டும். ஐந்தாறு கடைகள் ஏறி இறங்கியபின் இறுக்கமுள்ள கிளச் ஒன்று அகப்பட்டது. பழைய ரேடியேற்றர் அலுமினியத்தாலும் பிளாஸ்ரிக்காலும் ஆனது. பித்தளை ரேடியேற்றரைப்போல் ஈயம் பற்றவைத்துத் திறந்து கம்பி விட்டுத் துப்புரவாக்க அதனால் ஆகாது. ஆதலால் அதனையும் புதிதாக மாற்றினோம். எல்லாம் சேர்ந்தும், முதலில் ஹெட் இறக்கக் கேட்ட தொகையை எட்டவில்லை.

அதன்பின் பல கிளினிக் நாட்கள் சென்றுவிட்டன. ஏற்றத்தில் முள் 90 அளவிலே நிற்கிறது. பெற்றோல் மட்டும் மலையில் ஒரு லீற்றருக்கு 7 கிலோமீற்றரே தருகிறது. ஆகவே பாடசாலைக்கு இன்றும் பஸ்ஸிலேயே போகிறேன். பழைய இறப்பர்க் குழாய்கள் இரண்டை வருகிற விடுமுறையில் மாற்ற வேண்டும். அன்னையாருக்குக் காரிலே ஒரே ஒரு குறைதான்: இருக்கை தாழ்வாயிருப்பதால் மலையிலே கொழுந்தெடுப்பவர்களின் முகம் தெரிவதில்லையாம். அதற்காகத் தலையணை ஒன்று போட்டு வைத்திருக்கின்றேன்.