கோச் எங்கே நிற்கும்?

சென்னை சென்ட்ரலில் இறங்கி, சிவப்புச் சட்டை போர்ட்டரிடம் "கோச் எங்கேப்பா நிக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். "எஸ் ஃபைவா, பி டூவா?" என்பார். நான் தேடியது அந்தக் கோச் இல்லை ஸார். இந்த ஊரில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஜெயிக்கச் சொல்லித் தருகிறார்களே, அந்தக் கோச்! யோசித்துப் பார்த்தால் ரெண்டுக்கும் பெரிய வித்தியாசமும் இல்லை. இரண்டையும் அவசரத்துக்குக் கழற்றுவார்கள், மாட்டுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னைக் கோச்சுகளை ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். ஆட்களைப் பார்க்க செக்யூரிட்டி விடமாட்டார். அவர்கள் பிழைப்பு நடத்திய இடங்களையாவது பார்க்கலாமே!

முதல் ஸ்டாப், பெரியமேடு. ரிப்பன் மாளிகைக்குப் பின்பக்கமாகப் பொடி நடை. தோல் கடைகளையும் பந்து, பேட் விற்கும் கடைகளையும் தாண்டினால் நேரு ஸ்டேடியம். சென்னையின் எஃப்.ஸி. கால்பந்து அணியின் வீடு. முதல் கோச் யார் தெரியுமா? 2006 உலகக் கோப்பை ஃபைனலில் ஸிடேனிடம் நெஞ்சில் முட்டு வாங்கினாரே, அதே மாட்டராஸி. 2014-ல் வந்தார். 2015-ல் அணி அட்டவணையின் அடியில் கிடந்தது. போதாததற்கு டிசம்பர் வெள்ளம். செமி ஃபைனலின் ஹோம் மேட்சையே புனேயில் போய் ஆடினார்கள். கடைசியில் கோவாவை 3-2 என்று சாய்த்துக் கப்பைத் தூக்கிவிட்டார்கள்! அடுத்த வருஷம் ஏழாவது இடம். மாட்டராஸி கிளம்பினார்.

அடுத்து ஜான் கிரெகரி. இங்கிலாந்தில் ஆஸ்டன் வில்லாவை நடத்தியவர். 2018 மார்ச்சில் பெங்களூரு அணியை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று ஜெயித்துக் கப். அடுத்த ஸீஸனில் பத்து அணிகளில் பத்தாவது இடம், 18 மேட்சில் 9 பாயிண்ட்! ஆனாலும் வைத்துக்கொண்டார்கள். 2019 நவம்பரில் அவரே விலகினார். ஓவன் காயில் வந்தார். அதே பையன்கள், அதே ஜெர்ஸி; 2020 மார்ச்சில் ஃபைனல் வரை கொண்டுபோய், காலி ஸ்டேடியத்தில் 3-1 என்று தோற்றார்.

காயிலுக்குக் கைதட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த வருஷம் 15 கோல் அடித்த வால்ஸ்கிஸ் அணிக்கு வந்தபோது கோச்சாக இருந்தவர் கிரெகரி. இதைப் படித்தபோது எனக்குப் பழைய ஆபீஸ் ஞாபகம் வந்தது. டார்கெட் எட்டவில்லை என்று ஒரு மேனேஜரை மார்ச் 31-ம் தேதி சாயங்காலம் அனுப்பினார்கள். பேலன்ஸ் ஷீட்டில் பொய் எங்கே ஒளிந்திருக்கும் என்று எனக்குச் சொல்லித் தந்தவர். அவர் பிடித்து வைத்த கஸ்டமர்கள் அடுத்த வருஷம் ஆர்டர் கொடுத்தார்கள். ஷீல்டு வாங்கியவர், வந்து மூன்று மாதமே ஆன புது மேனேஜர். நாங்களும் கைதட்டினோம். நானும்தான். பழையவருக்கு ஒரு போன் கூடப் போடவில்லை.

பக்கத்திலேயே இண்டோர் ஸ்டேடியம். 2017-ல் பிறந்த தமிழ் தலைவாஸ் கபடி அணிக்கு அது சொந்த மைதானம். முதல் நான்கு ஸீஸனும் ப்ளே-ஆஃப் வாசலை மிதிக்கவில்லை. 2022-ல் ஸீஸன் நடுவில் உதயகுமாருக்குப் பதில் அஷன் குமார் வந்தார். முதல் முறையாக செமி ஃபைனல். 2024-ல் உதயகுமார் திரும்பி வந்தார். கால்பந்திலும் இதே கதை. 2014-லிருந்து 2025 வரை ஆறு வெளிநாட்டு கோச்சுகள். அதில் காயில் மட்டும் இரண்டு தடவை!

வெளியே டீக்கடைக்காரர் ஒரே வரியில் முடித்தார்: "நம்ம டீ மாஸ்டரே எட்டு வருசமா கீறான் ஸார். உள்ளார கோச்சுதான் நிக்க மாட்டேங்குது."

பார்க் டவுனில் பறக்கும் ரயில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் சேப்பாக்கம். இங்கே நிலைமை தலைகீழ். ஸ்டீபன் ஃப்ளெமிங் 2008-ல் ஆட்டக்காரராக வந்தார், 2009-ல் கோச் ஆனார். அணிக்குத் தடை இருந்த 2016, 2017 தவிர, 2025 ஸீஸன் வரை அதே நாற்காலி. ஐந்து கப். "கப் ஜெயிச்சா யார்தான் அனுப்புவா?" என்பீர்கள். தோற்ற வருஷங்களைப் பாருங்கள். 2020-ல் ஏழாவது இடம், அனுப்பவில்லை, 2021-ல் கப். 2022-ல் ஒன்பதாவது, அனுப்பவில்லை, 2023-ல் கப். 2025-ல் கடைசி இடம். அடுத்த ஸீஸனுக்கும் அவரையே வைத்துக்கொண்டார்கள்.

தனக்குக் கிடைத்த பொறுமையை அவர் கீழேயும் கொடுத்தார். 2019-ல் வாட்ஸன் மேட்ச் மேட்சாகச் சொதப்பினார். ஊரே திட்டியது, உட்கார வைக்கவில்லை. ஹைதராபாத்துக்கு எதிராக இதே சேப்பாக்கத்தில் 96, ஃபைனலில் ரத்தம் வழியும் முழங்காலோடு 80. மேட்ச்? ஒரு ரன்னில் தோல்வி! பொறுமைக்கு எப்போதும் கப் கிடைக்கும் என்று யார் சொன்னது?

"டோனி இருந்தா நான்கூட கோச்தான்" என்று ரயிலில் ஒரு இளைஞர் மடக்கினார். நியாயம்தான். ஆனால் 2017-ல் புனே அணிக்குக் கேப்டன் ஸ்மித். டோனி சும்மா ஓர் ஆட்டக்காரர். ஃப்ளெமிங் அதையும் ஃபைனலுக்குக் கொண்டுபோனார். அங்கேயும் ஒரு ரன்னில்தான் தோற்றார், பாவம்!

பார்க் ஸ்டேஷனுக்குத் திரும்பி தாம்பரம் வண்டி பிடித்தேன். எழும்பூர், அடுத்தது சேத்துப்பட்டு. எம்.ஸி.ஸி. பள்ளி மைதானத்தில் எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பள்ளி. 1987 முதல் 2012 வரை டென்னிஸ் லில்லி. பிறகு, இங்கேயே வந்து பழகிய மெக்ராத். இருபத்தைந்து வருஷம் ஒரே கோச்! வேகமாகப் பந்து போட ஆசைப்பட்டு வந்த டெண்டுல்கரை, பேட்டைப் பிடி என்று அனுப்பியவர் லில்லி. ஸ்ரீநாத், ஜாகீர்கான் எல்லாரும் இங்கே ஓடி வியர்த்தவர்கள். இந்தப் பள்ளிக்கு அட்டவணையும் இல்லை, கடைசி இடமும் இல்லை. அதனால்தானோ என்னவோ, யாரும் லில்லியைப் பார்த்து "இந்த மார்ச்சுக்குள் எத்தனை?" என்று கேட்கவில்லை.

கோச்சை மாற்றவே கூடாது என்று சொல்ல வரவில்லை. காயில் வந்தார், அஷன் குமார் வந்தார், பலன் தெரிந்தது. தோற்றதற்குக் காரணம் என்ன என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இருட்டும் நேரத்தில் மறுபடி சென்ட்ரல். பிளாட்பாரத்தில் வண்டி கிளம்பாமல் நின்றது. "இன்ஜின் கோளாறு" என்றார் போர்ட்டர். நல்லவேளை, ரயில்வேக்காரர்கள் இன்ஜினைத்தான் மாற்றினார்கள். எங்கள் பழைய ஆபீஸாக இருந்தால் கோச்சை மாற்றியிருப்பார்கள்!

வீட்டுக்கு வந்ததும் பழைய டைரியைத் தேடி மேனேஜர் நம்பரை எடுத்தேன். மூன்றாவது மணியிலேயே எடுத்துவிட்டார். "என்னப்பா, பேலன்ஸ் டேலி ஆகலையா?" என்றார்.