பாபநாசம் முதல் காரையாறு வரை

பாபநாசநாதரையும் உலகம்மையையும் தரிசித்துவிட்டு, நானும் என் தமையனாரும் மலைவழியே நடந்தோம். அகத்தியர் அருவியிலிருந்து மேலேறும் படிகள் கல்யாண தீர்த்தத்தில் கொண்டுபோய்விடுகின்றன. கயிலைத் திருமணக் கோலத்தை இறைவன் அகத்தியருக்குக் காட்டியருளிய இடம் இது என்பது ஐதிகம். இருபுறமும் செங்குத்தான பாறைகள். நடுவே பொருநை அமைதியாகச் சுழல்கிறது. அந்த அமைதியை நம்பலாகாது. 1925ஆம் ஆண்டு, வெள்ளத்தில் விழுந்த மகள் சுபத்திராவை மீட்கப் பாய்ந்த வ.வே.சு. ஐயர் இங்கேதான் உயிர்நீத்தார்.

தமையனாருக்கு வயது 78. நெடுநாள் வேண்டுதல், இங்கேயே நீராட வேண்டும் என்றார். கையைப் பிடித்து நிறுத்தினேன். சினந்தவர், பிறகு என்னோடு பேசவேயில்லை.

பேருந்தேறிச் சொரிமுத்து ஐயனாரை வணங்கினோம். ஆடி அமாவாசைக் கூட்டம் இல்லாத நிம்மதியான தரிசனம். அப்பால் காரையாறு அணை. உயரம் 143 அடி. நெல்லைச் சீமையின் காரும் பிசானமும் இந்த நீரை நம்பியவை. தமையனார் நெடுநேரம் அதையே பார்த்து நின்றார்.

மாலையில் பாபநாசம் கோயில் படித்துறையில், கம்பியைப் பற்றியபடி மூன்று முறை மூழ்கி எழுந்தார். “மேலேயிருந்து வருகிற தண்ணீர்தானே, தம்பி?” என்றார்.