கீழே இருந்த நிப்பிள்

கோவையில் ஒரு உதிரிபாகக் கடை. கல்லாவில் அறுபது வயதைத் தாண்டிய மனிதர். நாலைந்து பேர் சாமான் வாங்க நிற்கும்போது அவரைப் பார்த்து, “டூப்ளிகேட்டை ஒரிஜினல்னு சொல்லித் தலையில கட்டுறீங்க” என்று கத்தியவன் நான். தப்பு அவர் மேல் இல்லை என்பது பத்தே நாளில் எனக்குத் தெரிந்துவிட்டது. போய்ச் சொல்லவில்லை. நாலு வருஷம் ஆகிறது.

எங்களிடம் ஒரு பழைய வேன் உண்டு. பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு மடக்குக் கட்டில், கேஸ் அடுப்பு, 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து, லீவு விட்டால் குடும்பத்தோடு கிளம்பிப் போய்த் தங்குகிற வண்டியாக மாற்றியிருந்தேன். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம். ஒரு கோடையில் முன் சக்கரம் ஒன்று பிரேக் பிடித்தபடியே நின்று சூடேறியது. மெக்கானிக்கிடம் விடாமல் நானே இரண்டு காலிப்பர்களையும் கழற்றினேன். செய்தித்தாளை விரித்துப் போட்டு, பிஸ்டனைத் துடைத்து, சீல் கிட் மாற்றிப் பூட்டினேன். இடது எது, வலது எது என்று சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருக்கலாம்.

பூட்டியபின் பெடல் பஞ்சாக இருந்தது. லைனில் காற்று நின்றால் அப்படித்தான். ஆயில் நசுங்காது, காற்று நசுங்கும். கால் கொடுக்கிற அழுத்தமெல்லாம் சக்கரத்துக்குப் போகாமல் குமிழியிலேயே தீர்ந்துபோகும். பாஸ்கல் விதியைப் பாலிடெக்னிக்கில் வருஷா வருஷம் படம் போட்டு நடத்துகிறவன் நான். ஏர் எடுக்கத் தெரியாதா? மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான பின் இடது சக்கரத்தில் தொடங்கி முன் வலதில் முடித்தேன். பெடலில் மனைவி, வண்டிக்கு அடியில் ஸ்பேனரோடு நான். “மிதி... அப்படியே பிடிச்சுக்கோ... இப்ப விடு.” முன் சக்கரங்களில் ட்யூப் வழியே ஒரு குமிழிகூட வரவில்லை. சுத்தமான ஆயில். அரை லிட்டர் டப்பா இரண்டு காலியாயின. பெடல் மட்டும் அதே பஞ்சு.

குமிழி வரவில்லை, ஆகவே காற்று இல்லை. ஆகவே மாஸ்டர் சிலிண்டர்தான் போயிருக்கிறது என்று தீர்ப்பு எழுதினேன். சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்தால், மிதித்துப் பிடித்த பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். என் பெடல் இறங்கவில்லை. அந்த வித்தியாசம் தெரிந்திருந்தும் புதுசு வாங்கி மாட்டினேன். பஞ்சு போகவில்லை. கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்த்தான் அந்தக் கத்தல்.

“ஏனுங்க சார், ஏர் முழுசா எடுத்தீங்களா?” என்று மட்டும் கேட்டார். கேட்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான். நானோ அவருக்கு வகுப்பு எடுத்தேன். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடும் என்றெல்லாம். எண்கள் சரிதான், அங்கே அதற்கு வேலையே இல்லை. அவர் பதில் பேசாமல் உள்ளே போய் இன்னொரு சிலிண்டரை எடுத்து வந்து வைத்தார். காசு வாங்கவில்லை. நான் திருப்பிக் கொடுத்ததில் ஆயில் பட்டிருந்தது, ஸ்பேனர் கீறல் இருந்தது. அதை அவர் யாரிடம் விற்றிருக்க முடியும்?

இரண்டாவதும் பஞ்சுதான். வால்பாறைக்கு நாள் குறித்தாகிவிட்டது. “பிரேக் சரியாயிடுச்சா?” என்றாள் மனைவி. “ஆயிடுச்சு” என்றேன்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது தெரியவில்லை. இறங்கும்போது, ஏறிய கியரிலேயே வண்டியை விட்டு, ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் இரண்டு மிதி மிதித்துப் பெடலை மேலே வரவழைத்து மூன்றாவதில் நிறுத்தினேன். பின்கட்டிலில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். “ஏன் மிதிச்சுக்கிட்டே இருக்கீங்க?” “புது சிலிண்டர், செட் ஆகணும்.” அப்படி ஒன்று கிடையாது. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூவில் நிறுத்தினோம். அவர்கள் ஆழியாறு அணையைப் பார்த்தார்கள். நான் சக்கரத்தருகே குனிந்து வாசனை பார்த்தேன்.

ஊர் திரும்பியதும் மெக்கானிக்கிடம் விட்டேன். அவருடைய கையாள் பையன் சக்கரத்தைக் கழற்றிய மறுநிமிஷம், “அண்ணா, நிப்பிள் கீழ இருக்கு பாருங்க” என்றான். காலிப்பர்களை இடம் வலம் மாற்றிப் பூட்டியிருக்கிறேன். காற்று மேலே போய் நிற்கும்; வெளியேற்றும் நிப்பிள் அடியில் இருந்தால் ஆயில்தான் வரும், குமிழி உள்ளேயே உட்கார்ந்திருக்கும். இடம் மாற்றி ஏர் எடுத்ததும் பெடல் கல் மாதிரி நின்றது.

வீட்டுக்கு வந்து நான் சொன்னது: “அந்தக் கடைக்காரன் குடுத்த சாமான்தான் கோளாறு.” என் மனைவி இன்றுவரை, யார் கேட்டாலும் அந்தக் கடைப் பக்கம் போக வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாள். வண்டியிலிருந்து முதலில் கழற்றிய பழைய மாஸ்டர் சிலிண்டர் பரணில் கிடக்கிறது. அதில் ஒரு கோளாறும் இல்லை. மனைவிக்கு இதெல்லாம் இந்தப் பக்கத்தைப் படிக்கும்போதுதான் தெரியும்.